60 எச்ஆர்சி ஷாஃப்ட்டுக்கு வைர டிப் போடலாமா?

பேட்டை ஒர்க்‌ஷாப் · 4 மார்ச், இரவு 9.10

டூல் கடையில் ஒன்று சொல்றாங்க, சரியான்னு தெரிஞ்சுக்கிடணும். ஜாப் இது: காற்றாலை கியர்பாக்ஸுக்குப் புது ஷாஃப்ட். நிக்கல் குரோம் மாலி கேஸ் ஹார்டனிங் ஸ்டீல், மேல்தோல் 60 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு), கேஸ் ஆழம், அதாவது கெட்டியாக்கின தோலின் தடிமன், 1.8 மி.மீ. கியர் உட்காருற சீட் 140 விட்டம், 110 நீளம், 36 அகலத்தில் ஒரு கீவே, அதாவது சாவி உட்காருற பள்ளம். எம்6 ஃபிட், அதாவது 140.015-க்கும் 140.040-க்கும் நடுவில் நிக்கணும். விட்டத்தில் 0.4 மிச்சம் இருக்கு. சிபிஎன் இன்சர்ட் (மாத்திப் போடுற வெட்டு முனை) சிஎன்ஜிஏ 120408 மாட்டி, 400 ஆர்பிஎம், ஃபீடு (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்) 0.15, சைடுக்கு 0.2 ஆழம் ஒரே கட்டாகக் கொடுத்தது. கீவே வந்ததும் முனை சில்லுவிட்டுப் போச்சு. கடைக்காரர் சொல்றது: "வைரத்தை விடக் கடினம் உலகத்தில் கிடையாது. பிசிடி போடுங்க, உடையாது." பிசிடின்னா வைரத் தூளை ஒட்டிச் செஞ்ச முனை. போடலாமா?

சாணைக்கல் · 4 மார்ச், இரவு 10.35

வேண்டாம் தம்பி. பிசிடியை அந்த ஷாஃப்ட்டில் வைக்கவே கூடாது. உடையுறது ஒரு பக்கம் இருக்கட்டும், அதுக்கு முன்னாடியே முனை கரைஞ்சு போகும்.

வைரம் சுத்தமான கார்பன். இரும்புக்குக் கார்பன் மேல தீராத பசி. வெட்டுற முனையில் சூடு 700 டிகிரியைத் தாண்டினதும் இரும்பு வைரத்திலிருந்து கார்பனை இழுத்து எடுத்துக்கிடும், மிச்சம் உள்ளதும் கிராஃபைட்டா மாற ஆரம்பிக்கும். 60 எச்ஆர்சி ஷாஃப்ட்டைக் கடையும்போது முனையில் 800, 900 சாதாரணம். ஒரு பாஸ் முடியுறதுக்குள்ள முனை மழுங்கி, சீட் கூம்பாகிப் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கு. பிசிடி முழு வைரம் கிடையாது. டங்ஸ்டன் கார்பைடு வில்லை மேல வைரத் தூளைக் கொட்டி, 5 ஜிகாபாஸ்கலுக்கு மேல அழுத்தம், 1,400 டிகிரி வாக்கில் சூடு கொடுத்தா, கார்பைடில் உள்ள கோபால்ட் உருகி மேலே ஏறித் தூளுக்குள்ள புகுந்து மணிகளைக் கோத்துப் பிடிச்சுக்கிடும். வைர அடுக்கு அரை மி.மீ. வாக்கில்தான் நிக்கும். அந்தக் கோபால்ட் அங்கேயேதான் கிடக்கு. 700 டிகிரிக்கு மேல போனா அது வைரத்தை விட அதிகமா விரிஞ்சு உள்ளுக்குள்ள கீறல் விடும், வைரத்தைக் கிராஃபைட்டாக்கவும் அதே கோபால்ட் துணை போகும். இரும்பே இல்லாத ஜாபா இருந்தாலும் பிசிடிக்கு 700 டிகிரிதான் எல்லை.

சிபிஎன் என்கிறது போரான் நைட்ரைடு. கார்பன் கிடையாது, அதனால் இரும்பு அதை இழுக்காது. காற்றில் 1,000 டிகிரி தாண்டியும் தாக்குப்பிடிக்கும். 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் இதை உண்டாக்கினார், வைரம் செய்யுற அதே மாதிரி அழுத்தத்தில். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம். இரும்புக்கு முன்னாடி அதுதான் முதலிடம்.

உங்க சிபிஎன் உடைஞ்சதுக்குக் காரணம் வேற. காலையில் எழுதுறேன்.

சாணைக்கல் · 5 மார்ச், காலை 6.50

140 விட்டத்துக்கு 400 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 176 மீட்டர். கீவே இல்லாத மொழுக்கு ஷாஃப்ட்டுக்கே அது மேல் எல்லை. இடைவெட்டு உள்ள, அதாவது பள்ளம் வந்து வெட்டு விட்டு விட்டு நடக்கிற ஜாபுக்கு 100-லிருந்து 120 போதும். 260 ஆர்பிஎம் வைங்க, 114 வரும்.

ஃபீடு 0.08. 110 நீளத்துக்கு 1,375 சுத்து, அஞ்சு நிமிஷமும் கொஞ்சமும். ஒவ்வொரு சுத்துக்கும் கீவே விளிம்பு முனையில் ஒரு அடி அடிக்கும். 1,375 அடியை வாங்கி நிக்குற முனைதான் உங்களுக்கு வேணும். அப்போ பார்க்க வேண்டியது கடினத்தை இல்லை, அடி தாங்குற தன்மையை.

இன்சர்ட் பெட்டியில் சிஎன்ஜிஏ 120408-க்குப் பின்னால ஒரு எழுத்தும் நம்பரும் இருக்கும், எஸ்01020 மாதிரி. முனையில் 0.10 மி.மீ. அகலத்தில் 20 டிகிரிக்குச் சரிவு வெட்டி, விளிம்பை லேசா உருட்டியிருக்குன்னு அர்த்தம். அது தொடர்ந்து வெட்டுற ஜாபுக்கு நல்லது. கீவே உள்ள ஜாபுக்குச் சரிவு அகலம் 0.15, 0.20, கோணம் 25-லிருந்து 35 உள்ளதாக் கேளுங்க. முனை கூர்மை குறையும், பலம் கூடும். பெட்டியில் என்ன எழுதியிருக்குன்னு இங்கே போடுங்க.

பேட்டை ஒர்க்‌ஷாப் · 5 மார்ச், காலை 8.15

எஃப்-னு மட்டும் போட்டிருக்கு அண்ணாச்சி. நம்பர் ஒன்றும் இல்லை.

சாணைக்கல் · 5 மார்ச், காலை 8.40

கூர் முனை. சரிவே கிடையாது. அதை வச்சு 60 எச்ஆர்சி கீவேயில் இறங்கினா உடையாம என்ன செய்யும்.

கயத்தாறு காற்றாலை · 5 மார்ச், மதியம் 1.20

சிபிஎன் சதவீதத்தையும் கேட்டு வாங்குங்க. எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும், உள்ளே சரக்கு வேற வேற. 45-லிருந்து 65 சதவீதம் சிபிஎன், மிச்சம் டைட்டானியம் நைட்ரைடு மாதிரி செராமிக் பசை உள்ளது ஒரு ரகம். சூட்டை ஷாஃப்ட்டுப் பக்கம் கடத்தாம சிப்பிலேயே விடும், தேய்மானம் குறைவு, பினிஷ் நல்லா வரும். இடைவெட்டு இல்லாத ஹார்டு டர்னிங்குக்கு (கெட்டியாக்கின ஸ்டீலைக் கடையுறதுக்கு) இதுதான். 85, 90, 95 சதவீதம் உள்ளது இன்னொரு ரகம், பசை பெரும்பாலும் உலோகம். வார்ப்பு இரும்புக்கும், ரொம்ப முரட்டு ஜாபுக்கும் அது. இந்த ஷாஃப்ட்டுக்கு 65 பக்கத்தில் உள்ள, "இடைவெட்டுக்கு" என்றே விக்கிற கிரேடு போதும். 90-க்குப் போனா அடி தாங்கும், ஆனா 60 எச்ஆர்சியில் முனை மேல சீக்கிரமே பள்ளம் விழும்.

சாணைக்கல் · 5 மார்ச், இரவு 9.55

காற்றாலைக்காரர் சொன்னது சரி. ஒன்று கூடச் சேர்த்துக்கிடுங்க: கீவே விளிம்பை முதல்ல உடைக்கணும். வைர அரத்தால, இல்லைன்னா சின்ன கை கிரைண்டர் கல்லால, 0.3 க்கு 45 டிகிரி சாய்வு கொடுங்க. ஹார்டனிங்குக்கு முன்னாடியே செஞ்சிருந்தா இந்த வேலையே இருக்காது. அடுத்த ஷாஃப்ட்டுக்கு டிராயிங்கிலேயே எழுதி வாங்கிருங்க.

சில பேர் கீவேக்குள்ள மெதுவான (கெட்டியாக்காத) ஸ்டீல் கட்டையை அடிச்சு நிரப்பிக் கடைவாங்க. கார்பைடுக்கு அது ஓடும். சிபிஎன்னுக்கு மெதுவான ஸ்டீல் ஆகாது. முனையில் ஒட்டிக்கிடும், பிய்யும்போது முனையையும் சேர்த்துப் பிய்க்கும். காலியாவே விடுங்க.

அப்புறம் கட்டு. 0.2-ஐ ரெண்டாப் பிரிங்க, முதல்ல 0.13, பிறகு 0.07. 0.05-க்குக் கீழே போகாதீங்க. சரிவு அகலமே 0.15 இருக்கும்போது 0.02 கட்டு கொடுத்தா முனை வெட்டாது, தேய்க்கும். தேய்ச்சா சூடு முழுக்க ஷாஃப்ட்டுக்குள்ள இறங்கும்.

கட்டு கொடுக்கிறதுக்கு முன்னாடி டயல் போட்டு ரன் அவுட் (சுத்தும்போது ஷாஃப்ட் எவ்வளவு ஆடுதுன்னு) பாருங்க. ஹார்டனிங்கில் ஷாஃப்ட் வளைஞ்சிருந்தா ஒரு பக்கம் 0.05 வெட்டும், எதிர்ப்பக்கம் 0.2 வெட்டும்.

தாழையூத்து பராமரிப்பு · 6 மார்ச், காலை 7.05

வைரம் இரும்பைத் தொடவே கூடாதுன்னு மேலே சொன்னதில் ஒரு திருத்தம். இன்ஜின் லைனரை (சிலிண்டரின் உள்சுவரை) ஹோனிங் செய்யுற, அதாவது தேய்ச்சு அளவுக்குக் கொண்டுவர்ற, கல் வைரம்தான், லைனர் வார்ப்பு இரும்பு. வைர அரமும் ஹார்டு ஸ்டீலைச் சீவத்தான் செய்யுது, நீங்களே இப்போ அரத்தால விளிம்பை உடைக்கச் சொன்னீங்க. தடை இரும்பில் இல்லை, சூட்டில் இருக்கு. ஹோனிங்கில் வேகம் குறைவு, எண்ணெய் கொட்டிக்கிட்டே இருக்கும், முனை சூடாகாது, அதனால் கார்பன் போகாது.

சாணைக்கல் · 6 மார்ச், காலை 7.30

ஒத்துக்கிடுறேன் சார். கடைசல் வேகத்தில் ஆகாதுன்னு திருத்திப் படிச்சுக்கிடுங்க. லென்ஸ் அச்சுக்கு ஸ்டீலை வைரத்தாலேயே கடையுற முறை ஒன்றும் உண்டு. டூலை அல்ட்ராசோனிக்கில் அதிரவிட்டு, தொட்டுத் தொட்டு விலகுற மாதிரி வெட்டுவாங்க. முனைக்கும் இரும்புக்கும் ஒட்டுறவு நேரம் குறைஞ்சா தேய்மானமும் குறையும். நம்ம லேத்துக்கு அது வராது.

மேலப்பாளையம் டர்னர் · 6 மார்ச், இரவு 8.45

ஹார்டு டர்னிங்குக்குக் கூலன்ட் வேணுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்றாங்க.

சாணைக்கல் · 6 மார்ச், இரவு 9.20

கீவே உள்ள ஜாபுக்கு வேண்டாம், உலர்வாவே ஓட்டுங்க. முனை ஸ்டீலுக்குள்ள 900 டிகிரியில் இருந்து கீவேக்கு மேல வெளியே வரும்போது தண்ணி அடிச்சா, சுத்துக்கு ஒரு தடவை சூடும் குளிரும் மாறி மாறி வாங்கும். சீப்புப் பல் மாதிரி முனையில் வரிசையாக் கீறல் விழும். பூதக்கண்ணாடியில் பார்த்தா முனைக்குச் செங்குத்தா நிக்கும் அந்தக் கீறல்.

மொழுக்கு சீட்டுன்னா கூலன்ட் கொடுக்கலாம். கொடுத்தா ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நிக்காம, முனையிலேயே விழணும். நடுவில் வாளியிலிருந்து மொண்டு ஊத்துறது, பிரஷ்ஷால தொடுறது, ரெண்டுமே முனையைக் கொல்லும்.

உலர்வா ஓட்டும்போது சிப்பைப் பாருங்க. ஆரஞ்சு நிறத்தில் தகதகன்னு வரணும். ஆறினதும் கையுறையோட எடுத்து நசுக்கினா பொடியாகணும். அப்படின்னா சூடு சிப்போட போகுது, ஷாஃப்ட் தப்பிச்சது. சிப் கறுத்து, வளைஞ்சு, உடையாம வந்தா முனை மழுங்கியாச்சு, இல்லைன்னா வேகம் பத்தலை. அந்தச் சிப் விழுற இடத்தில் எண்ணெய்த் துணி, பஞ்சு, மரத்தூள் எதுவும் கிடக்கக் கூடாது. கண்ணாடி போடாம நிக்கக் கூடாது.

கயத்தாறு காற்றாலை · 6 மார்ச், இரவு 10.05

மழுங்கின முனையோட ஓட்டினா இன்னொரு கேடு இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது. தேய்க்கிற சூட்டில் ஷாஃப்ட் மேல்தோல் சில மைக்ரான் ஆழத்துக்குத் திரும்பச் சிவந்து, உடனே குளிர்ந்து, டெம்பர் ஆகாத, அதாவது திரும்பச் சுட்டுப் பதப்படுத்தாத, மார்டென்சைட்டா (ஸ்டீலின் ரொம்பக் கெட்டியான வடிவம்) மாறிரும். வெள்ளை அடுக்குன்னு சொல்றது இதைத்தான். டயலில் அளவு சரியா இருக்கும், பினிஷ் பளபளன்னு இருக்கும், ஆனா அந்தத் தோல் ரொம்ப நொறுங்குற தோல். சுமை ஏறி இறங்குற ஷாஃப்ட்டில் கீறல் அங்கேயிருந்துதான் தொடங்கும். காற்றாலை ஷாஃப்ட்டுக்குச் சுமை ஒரு நிமிஷம் கூட ஒரே மாதிரி நிக்காது. நைட்டால் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) போட்டு அரிச்சுப் பார்த்தா நிறம் மாறித் தெரியும்.

அதனால் முனையின் பக்கத் தேய்மானம் 0.15-லிருந்து 0.2 மி.மீ. வந்ததும் மூலையைத் திருப்பிருங்க. சாதாரணக் கடைசலுக்கு 0.3 வரை விடுற வழக்கம் இங்கே ஆகாது.

பேட்டை ஒர்க்‌ஷாப் · 7 மார்ச், இரவு 9.30

எஸ்02025 கிடைச்சது, இடைவெட்டு கிரேடு. 260 ஆர்பிஎம், 0.08. கீவே விளிம்பை உடைச்சாச்சு. முனை நின்னுட்டு. ஆனா சீட்டில் மெல்லிசா வரி வரியா அலை தெரியுது, சத்தமும் கீச்சுன்னு வருது.

சாணைக்கல் · 7 மார்ச், இரவு 10.10

சாட்டரிங், அதாவது டூலும் ஷாஃப்ட்டும் அதிருறது. ஹார்டு டர்னிங்கில் டூலைக் கீழே அழுத்துற விசையை விடப் பின்னால தள்ளுற விசைதான் அதிகம். கட்டு 0.07, மூக்கு ஆரம் (முனை வளைவின் ஆரம்) 0.8. அப்போ வெட்டு முழுக்க மூக்கு வளைவிலேயே நடக்கும், ஷாஃப்ட்டும் டூலும் ஒன்றை ஒன்று விலக்கும். அதனால் ஆட்டம் எங்கே இருந்தாலும் இங்கே வெளியே தெரியும்.

டூல் ஹோல்டர் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கு? ஹோல்டர் உயரம் 25-ன்னா 30-க்கு மேல நீட்டாதீங்க. முனை சென்டர் உயரத்தில் சரியா இருக்கா? டூலுக்கு அடியில் தகடு தகடா அஞ்சாறு போட்டிருந்தா எடுத்துட்டு ஒரே தடிமன் தகடா வைங்க. ஷாஃப்ட்டின் மறுமுனையைத் தாங்குற டெயில்ஸ்டாக் சுழல் சென்டரில் பேரிங் ஆட்டம் இருக்கான்னு டயல் வச்சுப் பாருங்க. குறுக்கு ஸ்லைடு கிப்பை (ஆட்டத்தைக் குறைக்கிற பட்டையை) இறுக்குங்க, அதுக்கு மேல உள்ள காம்பவுண்ட் ஸ்லைடைப் பூட்டிருங்க. எல்லாம் சரியா இருந்தும் நிக்கலைன்னா மூக்கு ஆரம் 0.4 மாத்துங்க. பின்தள்ளு குறையும். ஆனா ஃபீடையும் குறைக்கணும்.

ஏன்னு கணக்கு: வரி உயரம் என்பது ஃபீடு இன்டு ஃபீடு, வகுத்தல் எட்டு ஆரம். 0.08-க்கு 0.8 ஆரத்தில் 1 மைக்ரான். அதே ஃபீடு 0.4 ஆரத்தில் 2 மைக்ரான். 0.06-க்கு இறக்கினா 1.1-க்கு வந்திரும்.

பேட்டை ஒர்க்‌ஷாப் · 8 மார்ச், இரவு 8.20

காம்பவுண்ட் ஸ்லைடுதான். பூட்டினதும் சத்தம் நின்னுட்டு. இப்போ அளவில் சந்தேகம். மாலையில் 140.032 காட்டினது, காலையில் 140.012.

தாழையூத்து பராமரிப்பு · 8 மார்ச், இரவு 8.55

சூட்டில் அளந்திருக்கீங்க. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11.5 மைக்ரான் விரியும். 140 விட்டத்துக்கு 10 டிகிரி ஏறினா 16 மைக்ரான். உங்க டாலரன்ஸே 25 மைக்ரான்தான். உலர்வாக் கடைஞ்ச ஷாஃப்ட் உடனே கை வைக்கிற சூட்டுக்கு வந்தாலும் ஷெட்டை விட 12, 13 டிகிரி கூடத்தான் இருக்கும். அந்த 20 மைக்ரான் அங்கேதான் போயிருக்கு.

மைக்ரோமீட்டரையும், அளவு பார்க்கிற மாஸ்டர் கட்டையையும் ஷாஃப்ட் பக்கத்திலேயே வச்சு, மூணும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளக்கணும். பங்குனி, சித்திரையில் நம்ம ஊர்த் தகர ஷெட் 38, 40 டிகிரிக்குப் போனாலும் பரவாயில்லை, மூணும் ஒன்றாச் சுட்டா வித்தியாசம் அடிபட்டுப் போகும். வெயில் விழுற ஜன்னலோரம் மைக்ரோமீட்டரை வைக்காதீங்க. கடைசிக் கட்டுக்கு முன்னாடி ஷாஃப்ட்டை ஆற விடுங்க, பிறகு 0.07-ஐக் கொடுங்க.

140.012-க்கு 3 மைக்ரான் குறைவு. கியர்பாக்ஸ் டிசைன் செஞ்சவர்கிட்ட கேட்டு எழுதி வாங்காம மாட்டிராதீங்க.

மேலப்பாளையம் டர்னர் · 9 மார்ச், காலை 10.40

அப்போ சிபிஎன் இருந்தா எல்லா ஸ்டீலுக்கும் அதையே போட்டுக்கிடலாமே? 45சி8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) ஷாஃப்ட், மைல்டு ஸ்டீல் புஷ் எல்லாத்துக்கும்?

சாணைக்கல் · 9 மார்ச், மதியம் 2.15

போடாதீங்க. சிபிஎன் 45 எச்ஆர்சிக்கு மேல உள்ள ஸ்டீலுக்கு. ஸ்டீல் கடினமா இருந்தாத்தான் வெட்டுற இடத்தில் சூடு ஏறி, சிப் இளகி, சிபிஎன் அந்தச் சூட்டிலும் கெட்டியா நின்னு வெட்டும். மெதுவான ஸ்டீலில் ஃபெரைட் (கார்பன் கிட்டத்தட்ட இல்லாத மிருதுவான இரும்பு) அதிகம். அது முனையில் அப்பி, வேதி வினையும் செஞ்சு சீக்கிரம் தின்னுரும். மைல்டு ஸ்டீலுக்குக் கோட்டிங் போட்ட கார்பைடுதான் நல்லது, விலையும் கட்டுபடி.

வார்ப்பு இரும்பிலும் இதே கதைதான். பெர்லைட் (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்கா உள்ள அமைப்பு) உள்ள சாம்பல் வார்ப்புக்கு 90 சதவீத சிபிஎன் போட்டா நிமிஷத்துக்கு 600, 800 மீட்டர், அதுக்கு மேலயும் ஓடும், பிரேக் டிஸ்க் எல்லாம் அப்படித்தான் கடையுறாங்க. ஃபெரைட் 10 சதவீதத்தைத் தாண்டின வார்ப்புன்னா அதே முனை பாதியில் போயிரும். வார்ப்படத்துக்காரர்கிட்ட ஃபெரைட் எவ்வளவுன்னு கேட்காம சிபிஎன் வாங்காதீங்க.

கேஸ் ஹார்டனிங் ஷாஃப்ட்டில் கேஸைத் தாண்டிப் போனாலும் இதுவேதான். மேல்தோல் 60, உள்ளே 35, 38. 1.8 ஆழத்தையும் வெட்டித் தள்ளிட்டு உள்ளே இறங்கினா "திடீர்னு முனை போகுது"ன்னு சொல்லுவாங்க.

விக்கர்ஸ் கடினக் கணக்கில் சுமாரா வச்சுக்கிட்டா ஹைஸ்பீடு ஸ்டீல் 850, கார்பைடு 1,300-லிருந்து 1,800, சிபிஎன் இன்சர்ட் 3,000-க்குச் சுத்தி, பிசிடி 5,000-க்கு மேல. இது குளிர்ந்த முனையின் நம்பர். சூட்டில் ஹைஸ்பீடு 600 டிகிரியில் உட்கார்ந்திரும். அடி தாங்குற வரிசை இதுக்குப் பெரும்பாலும் தலைகீழ், ஹைஸ்பீடு முதல்ல நிக்கும். கடையில் முதல் வரிசையை மட்டும்தான் காட்டுவாங்க.

கயத்தாறு காற்றாலை · 9 மார்ச், இரவு 9.00

பிசிடிக்கு வேலையே இல்லைன்னு யாரும் நினைச்சிராதீங்க. காற்றாலை இறக்கை கண்ணாடி நார். அதில் துளை போட, ஓரம் வெட்ட ஹைஸ்பீடு டிரில் சில துளையிலேயே மழுங்கும், கார்பைடு அதுக்குக் கொஞ்சம் மேல. கண்ணாடி நார் முனையை உரசித் தேய்க்கும், ஆனா இரும்பு மாதிரி கார்பனை இழுக்காது. பிசிடி அங்கே ராஜா. டிரில் மழுங்கினா நார் அறுபடாம பிசிறு நிக்கும், வெளியேறுற பக்கம் அடுக்கு பிரியும். பின்னால மரப்பலகை முட்டுக் கொடுத்து, வெளியே வர்ற நேரம் ஃபீடைக் குறைக்கணும். தூள் உறிஞ்சி இல்லாம செய்யக் கூடாது.

அலுமினியத்துக்கும் அதுதான். சிலிக்கான் 17 சதவீதம் உள்ள பிஸ்டன், லைனர் அலாய்க்குக் கார்பைடு சீக்கிரம் தேயும், பிசிடி நிமிஷத்துக்கு 500 மீட்டருக்கு மேல நின்னு ஓடும். மணி அளவு பார்த்து வாங்கணும்: 2 மைக்ரான் மணி பினிஷுக்கு, 10 பொதுவுக்கு, 25 தேய்மானம் அதிகம் உள்ள ஜாபுக்கு.

பெட்டி மாறிப்போச்சுன்னா, பிசிடியா சிபிஎன்னா என்று லென்ஸ் வச்சு விளிம்பைப் பாருங்க. அலுமினியத்துக்கான பிசிடி கூர் முனையா, சரிவு இல்லாம இருக்கும். ஹார்டு டர்னிங் சிபிஎன்னில் விளிம்போரம் வெளிச்சத்தில் மெல்லிய பட்டை ஒன்று மின்னும். அதுதான் அந்தச் சரிவு. ஆனா எஃப் முனை சிபிஎன்னும் இருக்கே, அதில் இந்த அடையாளம் கிடையாது. பெட்டி இல்லாத இன்சர்ட்டை வாங்காதீங்க.

தாழையூத்து பராமரிப்பு · 10 மார்ச், காலை 6.40

கிரஷர் ஜா பிளேட் (கல்லை நொறுக்குற தாடைத் தகடு) பத்தியும் எழுதிருவோம், நம்ம பக்கம் எம்சாண்ட் கிரஷர் நிறைய. மாங்கனீசு ஸ்டீல், 12-லிருந்து 14 சதவீதம். வந்த புதுசில் 200 பிரினெல்தான் (இன்னொரு கடின அளவு) இருக்கும். அடிபட்டா, தேய்ச்சா, மேல்தோல் 500 வரை ஏறும். அதனால் டூல் தேய்க்கவே கூடாது. கட்டு ஆழமா, ஃபீடு தடிமனா, முன் பாஸ் கெட்டியாக்கின தோலுக்குக் கீழே போய் வெட்டணும். நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினா நிறுத்தின இடத்தில் தோல் கெட்டியாகி அடுத்த தடவை முனையைச் சாப்பிடும். கெட்டியான கார்பைடு, குறைஞ்ச வேகம், ஆடாத மெஷின். இதுக்குச் சிபிஎன் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

ஸ்லரி பம்ப் இம்பெல்லர், அதிகக் குரோம் வெள்ளை வார்ப்பு, அது வேற. அதுக்கு மூலையில் மட்டும் சிபிஎன்னைப் பிரேஸ் செஞ்ச (உலோகம் உருக்கி ஒட்டின) இன்சர்ட் ஆகாது, முழுக்கச் சிபிஎன்னாலேயே ஆன வட்ட இன்சர்ட் வேணும்.

மேலப்பாளையம் டர்னர் · 10 மார்ச், இரவு 9.15

பிரேஸ் செஞ்ச கார்பைடு டூலை வைரச் சாணையில் பிடிக்கிறோம். கல் சீக்கிரம் அடைச்சுக்கிடுது. ஏன்?

சாணைக்கல் · 10 மார்ச், இரவு 9.50

அடியில் உள்ள ஸ்டீல் ஷேங்கும் (டூலின் தண்டும்) கல்லில் படுது. முதல்ல சாதாரண அலுமினா கல்லில் ஷேங்கை மட்டும் ரெண்டு டிகிரி கூடச் சாய்ச்சு விலக்குங்க, பிறகு கார்பைடு மட்டும் வைரக் கல்லில் படுற மாதிரி பிடிங்க. அடைச்ச கல்லை அலுமினா குச்சியால, தண்ணியோட, லேசாத் திறங்க. ஹைஸ்பீடு டூலை அந்தக் கல்லில் வைக்காதீங்க. அதுக்குச் சிபிஎன் கல் தனியா உண்டு.

சூடான கார்பைடைத் தண்ணியில் முக்காதீங்க. கீறல் கண்ணுக்குத் தெரியாம உட்கார்ந்திருக்கும், லேத்தில் ஏத்தினதும் தெரியும்.

கல்லில் சி100-ன்னு போட்டிருந்தா கன சென்டிமீட்டருக்கு 4.4 காரட் வைரம். சி75-ன்னா அதில் முக்கால். விலை கேட்கும்போது இதையும் கேளுங்க.

மயிலாடி கல்வேலை · 11 மார்ச், காலை 5.55

கருங்கல் அறுக்கிற வைர பிளேடுக்கும் ஒரு கேள்வி. கல் ரொம்பக் கெட்டி, அதனால் "ரொம்ப ஹார்டு" பிளேடு கேட்டு வாங்கினோம். கொஞ்ச நேரம் வெட்டிட்டு வழுக்க ஆரம்பிச்சுட்டு. பல் தேயவே இல்லை, வெட்டவும் இல்லை.

சாணைக்கல் · 11 மார்ச், காலை 7.25

தேயலைங்கிறதுதான் அங்கே கோளாறு. பிளேடு பல்லில் வைர மணியை ஒரு உலோகப் பசைக்குள்ள பதிச்சிருக்கும். மேலே உள்ள மணி மழுங்கினதும் பசை தேஞ்சு அதை உதிர்த்து விட்டாத்தான் அடியில் உள்ள புது மணி தலை நீட்டும். கெட்டியான கிரானைட்டின் தூள் மாவு மாதிரி, பசையை அரிக்காது. அதனால் கெட்டிக் கல்லுக்கு மெதுவான பசை. மணற்கல், செங்கல், புதுக் கான்கிரீட் பசையைக் கரகரன்னு அரிக்கும், அதுக்குக் கெட்டிப் பசை. கல்லுக்கு எதிர்மாறா வாங்கணும்.

இப்போ கையில் உள்ள பிளேடைத் திறக்கிற வழி: பழைய செங்கல்லிலோ மணற்கல்லிலோ, ஆழம் குறைவா அஞ்சாறு தடவை வெட்டுங்க. பல்லைத் தடவினா வழவழப்புப் போய் மணல் காகிதம் மாதிரி சொரசொரன்னு இருக்கணும். ஒவ்வொரு மணிக்குப் பின்னாலயும் சின்ன வால் மாதிரி பசை ஒட்டியிருந்தா நல்லாத் திறந்திருக்கு. திரும்பவும் வழுக்கினா வேகத்தைக் குறைச்சு, ஃபீடைக் கூட்டுங்க. கிரானைட்டுக்குப் பல்லின் ஓட்டம் நொடிக்கு 25-லிருந்து 35 மீட்டர். 350 மி.மீ. பிளேடுக்கு 1,600 ஆர்பிஎம் வாக்கில் 30 வரும். 110 மி.மீ. கை கிரைண்டர் 11,000 ஆர்பிஎம்மில் 63 மீட்டர் ஓடுது, அதில் மணி மேல பளபளன்னு மெருகு ஏறுறது சகஜம்.

பிளேடை மாட்டும்போது அம்புக்குறி பாருங்க. திருப்பி மாட்டினா அந்த வால் எல்லாம் முன்னால வந்து மணி உதிர்ந்திரும்.

மயிலாடி கல்வேலை · 11 மார்ச், இரவு 7.40

செங்கல்லில் வெட்டினதும் பிடிச்சுட்டு. தண்ணி இல்லாமத்தான் வெட்டுறோம், சிலைக்குப் பக்கத்தில் தண்ணி விட்டா கோடு தெரியலை.

தாழையூத்து பராமரிப்பு · 11 மார்ச், இரவு 8.05

கோடு மறைஞ்சா மெழுகு பென்சிலால போடுங்க, தண்ணியில் அழியாது. ஆனா உலர்வா வெட்டாதீங்க தம்பி. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கு. வெட்டும்போது பறக்கிற மெல்லிய தூள் நுரையீரலில் தங்கினா திரும்ப வராது, சிலிக்கோசிஸுக்கு மருந்து கிடையாது. மூக்கில் கட்டுற துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. கை கிரைண்டருக்கு மாட்டுற சின்னத் தண்ணிக் குழாய் கிடைக்கும், ஒரு வாளித் தண்ணியை உயரத்தில் வச்சு டியூப் விட்டாலும் போதும். கிரைண்டருக்கு எர்த் லீக்கேஜ் பிரேக்கர் கட்டாயம் போட்டுக்கிடுங்க. கூட நிக்கிற பையன்களுக்கும் பி2 மாஸ்க் வாங்கிக் கொடுங்க.

பேட்டை ஒர்க்‌ஷாப் · 12 மார்ச், இரவு 9.05

டிசைன் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. அந்த 3 மைக்ரானுக்கு அனுமதி இல்லை, சீட்டைக் குரோம் ஏத்திக் கிரைண்டிங் செய்யச் சொல்றாங்க. 60 எச்ஆர்சி மேல குரோம் போடலாமா?

சாணைக்கல் · 12 மார்ச், இரவு 9.45

போடலாம், ஆனா குரோம் ஏத்தும்போது ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள இறங்கும். இவ்வளவு கெட்டியான ஸ்டீல் அதில் நொறுங்கிப் போகும். பிளேட்டிங் முடிஞ்ச சில மணி நேரத்துக்குள்ள அடுப்பில் வச்சு 190 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சுடணும். பிளேட்டிங் கடையில் அடுப்பு இருக்கான்னு முதல்ல கேளுங்க, இல்லைன்னா அந்தக் கடைக்குக் கொடுக்காதீங்க. சுடுற சூடு ஷாஃப்ட்டின் டெம்பர் சூட்டைத் தாண்டக் கூடாது. கேஸ் ஹார்டனிங் ஷாஃப்ட் பலதுக்கும் டெம்பரே 180 பக்கத்தில்தான், தாண்டினா 60 இறங்கிரும். ஹீட் ட்ரீட்மென்ட் சர்ட்டிபிகேட்டில் டெம்பர் என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க, அதுக்குப் பிறகு கிரைண்டிங் கல்லைப் பேசுவோம்.